அழுத மழையும் நாற்பது ஏக்கரும்

மழை என்றால் ஊருக்குச் சந்தோஷம், சேரிக்குப் பயம். மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் காலனி பள்ளத்துல இருக்கு. ஐப்பசியில ரெண்டு நாள் சேர்ந்தாப்போல அடிச்சா தண்ணி முதல்ல எங்க தெருவுக்குத்தான் வரும். அம்மா அரிசிப் பானையைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டு எங்களைப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போவா. ஊர்த் தெரு மேட்டுல இருக்கும். அங்கே மழையை வேடிக்கை பார்ப்பார்கள்.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் தென்பகுதியில் ஐந்து நாள் காரில் சுற்றினேன். நாலு நாள் மழை. கூட வந்தவர்கள் ‘டூர் கெட்டுப்போச்சே’ என்று புலம்பினார்கள். நான் தண்ணி எங்க ஓடுது, எங்க தேங்குதுன்னு பார்த்துக்கிட்டே வந்தேன். தண்ணி தேங்குற இடத்துலதான் நம்மள மாதிரி ஆளுங்களை வச்சிருப்பாங்க. அது எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம்.

காரில் நாலு பேர். நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னை அழைத்திருந்தவன் என் சிநேகிதன். ஒரே காலனி, ஒரே அரசு விடுதி, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். படிச்சு, இஞ்சினியராகி, அங்கேயே குடியேறிவிட்டான். மற்ற இருவரும் அவனோடு வேலை பார்ப்பவர்கள். ஒருவர் தஞ்சாவூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். இன்னொருவர் கோவில்பட்டிக்காரத் தம்பி; அவர்தான் வண்டி ஓட்டினார்.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி சிநேகிதன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். ‘டேய், அவங்க ரெண்டு பேருக்கும் நம்ம விஷயம் தெரியாது. இருபத்தஞ்சு வருஷமா நான் சொன்னதில்ல. நீயும் காட்டிக்காதடா’ என்றான். என்ன விஷயம்னு நான் கேட்கல. நமக்கு விஷயம் ஒண்ணுதானே.

அமெரிக்காவுல போய் இதெல்லாம் இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது. அதே வருஷம் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய இதேபோன்ற மசோதாவை ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார். இல்லாத நோய்க்கு யாராவது மருந்து தேடுவார்களா?

*

முதல் ஊர் தென் கரோலினாவில் உள்ள சார்ல்ஸ்டன். கடலோர நகரம். மழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் தெருவில் முழங்கால் தண்ணி நிற்கும். அன்றைக்கும் நின்றது. மஞ்சளும் ரோஜா நிறமுமாய்ப் பெரிய பெரிய மாளிகைகள், இரும்பு வேலைப்பாடு செய்த கதவுகள். கல்யாணம் முடித்து வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் ஊர்.

வட அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை இந்த ஊர் வழியாக வந்தவர்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கப்பல்கள் நின்ற துறைகளில் ஒன்று காட்ஸ்டன் துறை. அந்த இடத்திலேயே 2023 ஜூனில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள். எனக்குப் பழவேற்காடு ஞாபகம் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து நம் சனங்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். பஞ்ச காலத்தில் சோத்துக்கில்லாமல் தன்னைத்தானே விற்றவர்களும் அதில் உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன, நல்ல வேலைப்பாட்டோடு, அரசுப் பாதுகாப்போடு. கப்பலேறிப் போனவர்களுக்கு ஒரு கல்லை நான் அங்கே பார்த்ததில்லை.

ஒரு மாளிகைக்குள் சீட்டு வாங்கிக்கொண்டு போனோம். சுற்றிக் காட்டியவர் மரவேலையைப் பற்றியும் சீனாவிலிருந்து வந்த பீங்கானைப் பற்றியும் அரை மணி நேரம் சொன்னார். பின்கட்டுக்கு வந்ததும், ‘இங்கே வேலையாட்கள் இருந்தார்கள், குடும்பத்தில் ஒருவரைப் போல’ என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஊர்ப் பழைய செங்கல்களில் விரல் தடம் உண்டு என்று படித்திருந்தேன். இருந்துச்சு. சின்ன விரல், மூணு தடம். எனக்கு அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கோடை லீவுல சூளைக்குப் போயிருக்கேன். அச்சிலிருந்து கவிழ்த்த பச்சைக் கல்லை வெயிலில் திருப்பிப் போடுவது பிள்ளைகள் வேலை. கல் காயாமல் இருக்கும்போது அவசரமாத் தூக்கினா விரல் பதிஞ்சிடும், மேஸ்திரி மண்டையில குட்டுவான். அடிமைப் பிள்ளை ஒண்ணு இருநூறு வருஷத்துக்கு முன்னால அவசரமாத் தூக்கியிருக்கு. அந்தப் பிள்ளைக்குப் பேர் எழுதி வைக்கல. வீட்டுக்காரன் பேர் வாசலில் பித்தளைத் தகட்டில் இருக்கிறது.

சால்மர்ஸ் தெருவில் அடிமைச் சந்தை இருந்த கட்டடம் இன்று அருங்காட்சியகம். தெருவில் ஆளை நிறுத்தி ஏலம் விடக்கூடாது என்று 1856இல் நகராட்சி தடை போட்டது. ஏலம் நிற்கவில்லை, சுவருக்கு உள்ளே போனது. 1863 வரை நடந்தது. இந்த ஊரில் இன்னொரு வழக்கமும் இருந்தது. தன் அடிமையை வெளியே கூலிக்கு அனுப்பும் எஜமான் நகராட்சிக்குப் பணம் கட்டிச் செம்பு வில்லை வாங்க வேண்டும். அதில் வருஷம், எண், சுமைகாரன், மீன்பிடிக்கிறவன், வேலைக்காரன் என்று தொழில் எல்லாம் பொறித்திருக்கும். ஆளின் பெயர் மட்டும் இருக்காது. கழுத்தில் மண்சட்டியும் இடுப்பில் விளக்குமாறும் கட்டிக்கொண்டு பூனாவின் தெருவில் நடந்தவர்களைப் பற்றி அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பில் எழுதியது நமக்குத் தெரியும். அங்கே செம்பு, இங்கே மண்.

மதர் இமானுவேல் தேவாலயத்துக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். லாட்டரியில் விழுந்த பணத்தில் தன் விடுதலையை விலைக்கு வாங்கிய டென்மார்க் வீசி இந்தச் சபையைச் சேர்ந்த தச்சர். 1822இல் அவர் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று அவரையும் சேர்த்து 35 பேரைத் தூக்கில் போட்டு, சபைக் கட்டடத்தையும் இடித்தார்கள். 2015 ஜூன் 17 ராத்திரி வேதபாடத்துக்கு உட்கார்ந்திருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இளைஞன் இதே சபையில் சுட்டுக் கொன்றான். தேவாலயம் நிற்கும் தெருவின் பெயர் கால்ஹூன் தெரு. அடிமைமுறை நன்மையானது என்று வாதாடிய துணை ஜனாதிபதியின் பெயர். பக்கத்துச் சதுக்கத்தில் நின்ற அவர் சிலையை 2020 ஜூனில் இறக்கினார்கள். தெருப் பலகையில் பெயர் நின்றது, மழைத் தண்ணி சொட்டச் சொட்ட.

தஞ்சாவூர்க்காரர் அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘எப்படி சார் மனசு வந்துது இவங்களுக்கு?’ என்றார். நிஜமாகவே கலங்கினார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

*

மறுநாள் சவான்னாவுக்குப் பதினேழாம் எண் சாலையில் போனோம். இரண்டு பக்கமும் சதுப்பு, ஆறு, மறுபடி சதுப்பு. இந்தத் தாழ்நிலம் முழுக்க ஒரு காலத்தில் நெல் விளைந்தது. நெல் விவசாயம் தெரிந்த மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஆட்களைப் பிடித்து வந்து, காட்டை வெட்டி, கடல் ஏற்றத்தில் ஏறும் ஆற்றுத் தண்ணியை வயலுக்குத் திருப்பும்படி கரையும் மதகும் போட வைத்தார்கள். முழங்கால் சேறு, பாம்பு, மலேரியா. பிள்ளைகள் வளர்வதற்குள் செத்தன. மாளிகைகள் எழும்பியது இந்த நெல்லில்தான்.

கம்பாஹீ ஆற்றுப் பாலத்துக்கு ஹாரியட் டப்மன் பெயர். அடிமையாய்ப் பிறந்து தப்பி ஓடிய அந்த அம்மா, 1863 ஜூன் 2 அன்று வடக்குப் படையின் படகுகளோடு இந்த ஆற்றில் வந்து, நெல் பண்ணைகளிலிருந்து எழுநூறு பேருக்கு மேல் மீட்டுக்கொண்டு போனார்.

தஞ்சாவூர்க்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்தார். பழைய வயல் வரப்புகள் தண்ணிக்குள் கோடு கோடாகத் தெரிந்தன. ‘அப்படியே நம்ம ஊர் மாதிரி இருக்கே’ என்றார். அப்புறம் சொன்னார்: ‘எங்க தாத்தாவுக்கு நூத்தம்பது வேலி. பண்ணையாளுங்க எல்லாம் எங்களுக்குக் குடும்பம் மாதிரி சார். தீபாவளிக்கு வேட்டி சேலை எடுத்துக் குடுக்காம தாத்தா சாப்பிட மாட்டார்.’

நேற்று மாளிகையில் கேட்ட அதே வாக்கியம். காரில் யாரும் பேசல. என் சிநேகிதன் முன்சீட்டில் இருந்தான். அவன் கழுத்துப் பின்பக்கம் மட்டும் எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். முதல் நாள் ராத்திரி அவன் கேட்டுக்கொண்டது ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். அன்றைக்குப் பேசாமல் இருந்தது இன்னிக்கும் எனக்கு உறுத்துது.

*

சவான்னா அழகான ஊர். மரங்களும் சதுக்கங்களுமாய் 1733இல் திட்டம் போட்டுக் கட்டியது. ஜார்ஜியாவை உண்டாக்கியவர்கள் தொடக்கத்தில் அடிமைமுறையைத் தடை செய்திருந்தார்கள். 1751க்குள் அந்தத் தடை போய்விட்டது. நெல்லுக்கு ஆள் வேண்டியிருந்தது. கால்ஹூன் பெயரில் இருந்த ஒரு சதுக்கத்துக்கு 2023இல் சூசி கிங் டெய்லர் என்று பெயர் மாற்றினார்கள். அடிமையாய்ப் பிறந்து, ஒளிந்து படித்து, கருப்பர் படையில் நர்சாகவும் எழுத்துச் சொல்லிக்கொடுப்பவராகவும் இருந்த பெண்.

நான் பார்க்க விரும்பியது ஊருக்கு மேற்கே ஒரு சின்ன முக்கோணப் பூங்கா. அங்கே 2008இல் ஒரு தகவல் பலகை நட்டிருக்கிறார்கள். மழையில் நாங்க நாலு பேர்தான்.

அந்தப் பக்கம் முன்பு குதிரைப் பந்தயத் திடல். 1859 மார்ச் 2, 3 தேதிகளில் பியர்ஸ் பட்லர் என்பவன் தன் அடிமைகளை அங்கே விற்றான். அவன் தாத்தா அமெரிக்க அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். பேரன் சூதாட்டத்திலும் பங்குச் சந்தையிலும் தோற்றுக் கடனாளியானான். கடனுக்காக அவனுடைய நெல் பண்ணையிலும் பருத்திப் பண்ணையிலும் இருந்து கொண்டுவந்த 436 பேரின் பட்டியல் போட்டார்கள். ஏலத்துக்கு முன் குதிரை லாயத்தில் அவர்களை அடைத்து வைத்தார்கள். வாங்க வந்தவர்கள் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள், குனிந்து நிமிரச் சொன்னார்கள். ரெண்டு நாளும் விடாத மழை. விற்றவர்கள் 429 பேர், வசூல் 3,03,850 டாலர். எல்லாம் முடிந்ததும் பட்லர் ஒவ்வொரு அடிமைக்கும் ஒரு டாலர் சில்லறை கொடுத்து வழியனுப்பினான். தீபாவளி வேட்டி மாதிரி.

வாங்க வந்தவன் போல நடித்து உள்ளே போன நியூயார்க் பத்திரிகைக்காரர் மார்ட்டிமர் தாம்சன் எழுதி வைத்ததால்தான் இந்த விவரங்கள் நமக்குக் கிடைக்கின்றன. ஜெப்ரி என்ற வாலிபன் டார்க்கஸ் என்ற பெண்ணை விரும்பினான். தன்னை வாங்கினவனிடம் அவளையும் வாங்கச் சொல்லிக் கெஞ்சினான், அவள் நல்லா நெல் வேலை செய்வாள் என்று விலை பேசுவது போலப் பேசிப் பார்த்தான். குடும்பத்தைப் பிரிக்க மாட்டோம் என்பது ஏல விதி. காதல் அந்த விதிக்குள் வரவில்லை. டார்க்கஸ் வேறு குடும்பத்தோடு வேறு ஆளுக்குப் போனாள்.

அந்த ரெண்டு நாளையும் கருப்பர்கள் ‘அழுகை நேரம்’ என்று சொல்லிக்கொண்டார்கள். வானமும் சேர்ந்து அழுதது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். நாங்கள் நின்ற அன்றும் மார்ச், மழை. கோவில்பட்டித் தம்பி பலகையில் வழிந்த தண்ணியைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

*

அழுகையோடு வரலாறு முடிந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. அதே சவான்னாவில் ஆறு வருஷம் கழித்து இன்னொன்று நடந்தது. எனக்கு அதுதான் முக்கியம்.

1865 ஜனவரி 12. உள்நாட்டுப் போர் முடியும் தறுவாய். ஊரைப் பிடித்திருந்த வடக்குத் தளபதி ஷெர்மனும் போர் அமைச்சர் ஸ்டான்டனும் இருபது கருப்பு ஊழியக்காரர்களை ஒரு மாளிகைக்கு வரவழைத்தார்கள். உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டார்கள். பதில் சொன்னவர் காரிசன் பிரேசியர், 67 வயது. எட்டு வருஷம் முன்னால் ஆயிரம் டாலர் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் விலைக்கு வாங்கி விடுதலையானவர். அந்தக் கிழவர் கருணை கேட்கவில்லை, வேட்டி சேலை கேட்கவில்லை. நிலம் வேணும் என்றார். எங்க உழைப்பில் நாங்களே உழுது பிழைச்சுக்கிறோம் என்றார். வெள்ளையரோடு கலந்து இருக்கிறீங்களா, தனியாகவா என்று கேட்டதற்கு, தனியாகத்தான். எங்க மேல இருக்கும் வெறுப்பு தீரப் பல வருஷம் ஆகும் என்றார். 1942இல் நாகபுரியில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு தனிக் கிராமங்கள் கேட்டுத் தீர்மானம் போட்டதே, அந்த நியாயத்தை முக்கால் நூற்றாண்டு முன்பே ஒருவர் சொல்லியிருக்கிறார்.

நாலு நாளில் ஷெர்மன் உத்தரவு போட்டார். சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகளும், கடலோரத்தில் கைவிடப்பட்ட நெல் வயல்களும் விடுதலையானவர்களுக்கு. குடும்பத்துக்கு நாற்பது ஏக்கருக்கு மிகாமல். அதாவது முதல் நாள் நாங்கள் காரில் வந்தோமே, அந்தச் சாலையின் ரெண்டு பக்கமும். சுமார் 40,000 பேர் நாலு லட்சம் ஏக்கரில் குடியேறினார்கள். உழுதார்கள், விதைத்தார்கள்.

ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். பின்னால் வந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் பழைய எஜமானர்களுக்கு மன்னிப்புக் கொடுத்து நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். அக்டோபரில் எடிஸ்டோ தீவில் ஒரு தேவாலயத்தில் சனங்களைக் கூட்டி, நிலத்தை விட்டுக் கொடுங்கள் என்று சொல்லும் வேலை ஜெனரல் ஹோவர்டுக்கு வந்தது. அறுப்பு முடிந்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை, மறுபடி கூலி.

இதைச் சொல்லும்போது எனக்கு எங்க ஆயா நினைவு வராமல் இருக்குமா? 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். ஏழைகளுக்கு நிலம் இல்லாததுதான் அடிமைத்தனத்துக்கு வேர் என்பதை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்ததுதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பார்கள். இன்றைக்கு அதில் நம் கையில் எவ்வளவு? எங்க ஆயா எருக்கம்புதர்க் கரையில் நின்று கையைக் காட்டும். ‘அதோ அந்தக் கிணறு வரைக்கும் நம்மது. உங்க பாட்டன் நாலு மூட்டை கேழ்வரகுக்குக் கைநாட்டு வச்சிட்டான்.’ கிணறு இன்னும் இருக்கிறது. வேலி வேறொருவருடையது.

1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவர் செத்தார்கள். அன்றைக்கு நான் செங்கல்பட்டில் ஆசிரியர். வகுப்பில் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடத்திக்கொண்டிருந்தேன். லிங்கன் அடிமைகளை விடுதலை செய்தார் என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். நாற்பது ஏக்கரைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. காரணையைப் பற்றியும் இல்லை.

*

சவான்னாவிலிருந்து அலபாமாவின் மாண்ட்கமரிக்கு ஆறு மணி நேரப் பயணம். வழியெல்லாம் மழை. டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அடிமைமுறைக்காகப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் ஜனாதிபதி 1861இல் பதவியேற்ற அதே படிக்கட்டுக்கு முன்னால், 1965 மார்ச் 25இல் ஓட்டுரிமை கேட்டு மார்ட்டின் லூதர் கிங் பேசினார். 1955 டிசம்பர் தொடங்கி 381 நாள் கருப்பர்கள் பஸ் ஏறாமல் நடந்த ஊர். ரோசா பார்க்ஸ் பெயர் நமக்குத் தெரியும். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே சீட்டை விட்டு எழ மறுத்துக் கைதான கிளாடெட் கோல்வின் 15 வயது ஏழைப் பெண். அவரைத் தலைவர்கள் முன்னே நிறுத்தவில்லை. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் சாப்பாடும் பலகாரமும் செய்து விற்று அந்தப் போராட்டத்துக்குப் பணம் சேர்த்தார். ஒடுக்கப்பட்டவர்களின் இயக்கத்திலும் சமையலறையில் இருப்பவர்கள் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சபையில் போதகராக இருந்தபோதுதான் கிங் 1959இல் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றில், இவரும் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் அதிர்ச்சி. யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டதாக 1965இல் பிரசங்கம் செய்தார். அதை நான் காரில் சொன்னேன். தஞ்சாவூர்க்காரர், ‘அதெல்லாம் அந்தக் காலம் சார். இப்ப யாரு பாக்குறா?’ என்றார். சிநேகிதன் ஒன்றும் சொல்லவில்லை.

மேட்டில் 2018இல் திறந்த நினைவிடம். 1877இலிருந்து 1950 வரை கும்பல் அடித்தும் தூக்கிலிட்டும் எரித்தும் கொன்ற 4,400க்கு மேற்பட்ட கருப்பர்களுக்கானது. மாவட்டத்துக்கு ஒன்றாக எண்ணூறுக்கு மேற்பட்ட இரும்புப் பாளங்கள், பெயரும் தேதியும் வெட்டியவை. உள்ளே போகப் போகத் தரை இறங்குகிறது, பாளங்கள் தலைக்கு மேலே தொங்குகின்றன. துருப்பிடிக்கும் இரும்பு. மழையில் துரு கரைந்து செம்மண் தண்ணியாக ஒழுகி நின்றது. சிநேகிதன் ஒரு பாளத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ‘கீழ்வெண்மணி 44 பேருக்கு எத்தனை உயரம் வேணும்டா?’ என்று என்னிடம் மட்டும் கேட்டான்.

*

கடைசி நாள் செல்மா. 1965 மார்ச் 7 அன்று ஓட்டுரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸ் குதிரையேறி அடித்த பாலத்துக்கு எட்மண்ட் பெட்டஸ் என்ற பெயர். அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படையின் தளபதி. பாலத்தில் நடந்துவிட்டு எண்பதாம் எண் சாலையில் மாண்ட்கமரி பக்கம் திரும்பினோம். இரண்டு வாரம் கழித்து ஐந்து நாள், 54 மைல், அந்த ஜனங்கள் நடந்த பாதை. மூன்றாம் நாள் அவர்களுக்கும் கொட்டும் மழை, சேற்றிலேயே படுத்தார்கள்.

நடுவில் லவுண்டஸ் மாவட்டம். கோவில்பட்டித் தம்பி வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். மண்ணைக் கிள்ளிப் பிசைந்தார். ‘அண்ணே, இது கரிசலுல்லா! செருப்போட வருது பாருங்க’ என்றார். கரிசல்தான். கறுப்பு மண், பருத்தி மண். பருத்தி விளைகிற மண் எங்கே இருந்தாலும் அதில் குனிந்தவர்கள் யார் என்று கேட்க வேண்டியதில்லை.

1965 தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பது பேர் கருப்பர்கள். வாக்காளர் பட்டியலில் ஒரு கருப்பர் கூட இல்லை. பேர் பதிந்த குத்தகைக் குடும்பங்களை நிலக்காரர்கள் குடிசையை விட்டு விரட்டினார்கள். அவர்கள் இந்தச் சாலையோரத்திலேயே கூடாரம் போட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். குளிரிலும் மழையிலும் போகவில்லை. தனிக் கட்சி ஆரம்பித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அலபாமாவில் கட்சிக்குச் சின்னம் வேண்டும், நம்ம ஊர் மாதிரியே. ஆளுங்கட்சிக்கு வெள்ளைச் சேவல். இவர்கள் கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தார்கள். அந்தச் சிறுத்தை 1966 அக்டோபரில் ஓக்லண்டுக்குப் போனது. 1972இல் பம்பாய்க்கு வந்து தலித் சிறுத்தைகள் ஆனது. 1980களில் மலைச்சாமியோடு மதுரைக்கு வந்தது. நம்ம சேரிச் சுவரில் சுண்ணாம்பு அடித்து வரைந்த சிறுத்தை, நிலத்தை விட்டு விரட்டப்பட்ட இந்தச் சாலையோரத்துக்காரர்களிடமிருந்து கிளம்பியது.

மழை வலுத்தது. களிமண் தண்ணியை உறிஞ்சவில்லை. அந்த மாவட்டத்தில் பல வீடுகளுக்குச் சாக்கடைக் குழாய் கிடையாது. மழை பெய்தால் மலத்தண்ணி முற்றத்துக்கும் வீட்டுக்குள்ளும் திரும்பி வரும். கருப்பர்களுக்கு இழைத்த பாகுபாடு பற்றிய புகார் என்று விசாரித்து, 2023 மே மாதம் மத்திய நீதித்துறை மாநில சுகாதாரத் துறையோடு ஒப்பந்தம் போட்டது. நாங்கள் வந்துவிட்ட பிறகு, 2025 ஏப்ரலில், புதிய அரசு அதை ரத்து செய்தது. 1865 அக்டோபர் மாதிரியே. கொடுப்பது ஒரு கை, பிடுங்குவது இன்னொரு கை.

கூடாரம் இருந்த இடத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். தஞ்சாவூர்க்காரர் தான் கேட்டார். ‘வீட்டைக் காலி பண்ணச் சொன்னா போயிருக்க வேண்டியதுதானே, எதுக்கு ரோட்டோரத்துல ரெண்டு வருஷம்?’

சிநேகிதன் திரும்பாமலே சொன்னான். ‘போறதுக்கு வேற எடம் இல்லாததால சார். எங்க தாத்தா பண்ணையாள். ஒரு தடவை கூலி கூடக் கேட்டதுக்கு மிராசு குடிசையப் பிரிச்சுப் போட்டாரு. ஏரிக்கரையில மூணு மாசம் இருந்தாங்க. எங்கப்பா அங்கதான் பொறந்தாரு. நாங்க யாருக்கும் குடும்பம் மாதிரி இருந்ததில்ல சார்.’

வண்டிக் கண்ணாடியில் துடைப்பான் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துத் தஞ்சாவூர்க்காரர், ‘இத்தனை வருஷம் எங்கிட்ட சொல்லவே இல்லியே’ என்றார். ‘நீங்க தெரு பேரு கேப்பீங்க சார். ஆளக் கேட்டதில்ல’ என்றான் இவன். கோவில்பட்டித் தம்பி வண்டியை எடுத்தார். அட்லாண்டா வரை யாரும் பாட்டுப் போடச் சொல்லல.

தஞ்சாவூர்க்காரர் மாறினாரா என்று கேட்பீங்க. வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்தார், கை கொடுத்தார். அடுத்த பொங்கலுக்கு என் சிநேகிதனை அவர் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. முன்பெல்லாம் வருஷா வருஷம் கூப்பிடுவாராம்.

நான் ஊர் திரும்பி, எங்கள் காலனிப் பஞ்சமி நிலத்துக்காக மனு எழுதினேன். சர்வே எண், அந்தக் காலத்து நிபந்தனை, கிணற்றடி வரை எல்லை. முப்பத்தொரு குடும்பம் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தது. அவன் பங்கு இருக்கிறதே என்று அவனுக்கும் ஒரு படி அனுப்பினேன். கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினான். அமெரிக்க முகவரி எழுதவில்லை. தன் பெயர், தாத்தா பெயர், அடுத்த வரியில் கொட்டை எழுத்தில் காலனித் தெரு என்று எழுதியிருந்தான். மனுவை ஒரு மழைநாளில் கலெக்டர் ஆபீசில் கொடுத்து ரசீது வாங்கி வந்தேன். நனையாமல் பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறேன்.